அஜைல் முறையின் வளர்ச்சியும் ஒப்பந்தத்தின் ஆட்சியும்

மென்பொருள் ஆக்கும் தொழிலில் இன்று உலகெங்கும் வழங்கிவரும் அஜைல் முறையின் சரித்திரத்தைச் சொல்லப் புகுவோர், 2001ஆம் ஆண்டு பிப்ரவரி மாதத்தில் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்து மலைவிடுதி ஒன்றில் 17 பேர் கூடிப் பிரகடனம் ஒன்றை வெளியிட்டார்கள் என்பதிலிருந்தே பெரும்பாலும் தொடங்குகிறார்கள். அதற்கு முன்னெல்லாம் தேவைகளை எழுதுவது, வடிவமைப்பது, நிரல் எழுதுவது, சோதிப்பது என்று ஒவ்வொரு படியாகத் திரும்பிப் பாராமல் இறங்கிச் செல்லும் அருவி முறையே ஆட்சி செலுத்திற்று என்றும், அன்று தொட்டே புதிய யுகம் பிறந்தது என்றும் அவர்கள் எழுதுவார்கள். பழைய ஆவணங்களைப் புரட்டிப் பார்ப்பவருக்கு இந்தச் சரித்திரம் நிலைக்காது என்பது விரைவிலேயே புலனாகும். சிறு சிறு தவணைகளாக வேலை செய்து, ஒவ்வொரு தவணையின் முடிவிலும் பரீட்சித்து, பயன்படுத்துவோரிடம் காட்டித் திருத்திக்கொள்ளும் வழக்கம் இத்தொழிலின் இளம்பருவத்திலேயே இருந்திருக்கிறது. அவ்வழக்கம் இடையில் ஒடுங்கியதற்கும், பின்னர் மேலோங்கியதற்கும், மேலோங்கிய பிறகும் பல இடங்களில் பெயரளவில் நின்றுவிட்டதற்கும் காரணம் பெரும்பாலும் தொழில்நுட்பம் அன்று, வேலை கொடுப்போருக்கும் செய்வோருக்கும் இடையில் எழுதப்பட்ட ஒப்பந்தமே என்பதை எடுத்துக்காட்டுவது இக்கட்டுரையின் நோக்கம்.

முதலில் தொடக்ககாலச் சான்றுகளைப் பார்ப்போம். 1950களில் அமெரிக்க வான்பாதுகாப்புக்காக எழுந்த ‘சேஜ்’ என்னும் மாபெரும் கணிப்பொறி அமைப்பிற்கு நிரல் எழுதிய அநுபவத்தை ஹெர்பர்ட் பெனிங்டன் 1956இல் ஒரு கட்டுரையாக வழங்கினார். படிப்படியாக இறங்கும் வேலைமுறையை எழுத்தில் வைத்த முதற் கட்டுரைகளுள் ஒன்றாக அதனைக் கொள்ளுவர். ஆனால் 1983இல் அக்கட்டுரை மறுபதிப்புக் கண்டபோது அவரே எழுதிச் சேர்த்த முன்னுரையில், முழு அமைப்பை ஆக்கப் புகுமுன் சிறியதொரு மாதிரி அமைப்பை ஆக்கிப் பார்த்திருந்ததைச் சுட்டிக்காட்டி, அந்த ஏற்பாட்டை விட்டுவிட்டு எல்லாவற்றையும் முன்கூட்டியே எழுதி முடித்துவிடலாம் என்று நம்புவது அபாயகரமானது என்று எச்சரித்திருக்கிறார். 1960களின் தொடக்கத்தில், மனிதனை விண்ணுக்கு அனுப்பிய மெர்குரித் திட்டத்திற்கு நிரல் எழுதிய குழுவோ அரைநாள் தவணைகளில் வேலை செய்தது. ஒவ்வொரு சிறு மாற்றத்திற்கும் முதலில் சோதனையை எழுதிவைத்துக்கொண்டு, பிறகே நிரலை எழுதிற்று. கிரெய்க் லார்மனும் விக்டர் பாசிலியும் 2003இல் வெளியிட்ட ஆராய்ச்சிக் கட்டுரை இச்செய்தியைப் பதிவு செய்திருக்கிறது. பிற்காலத்தில் புதுமை என்று போற்றப்பட்ட வழக்கம் ஒன்று நாற்பது ஆண்டுகளுக்கு முன்பே சகஜமாகக் கையாளப்பட்டு, பின்னர் மறக்கப்பட்டது என்பதே இதனால் விளங்குகிறது.

1968 அக்டோபரில் ஜெர்மனியின் கார்மிஷ் நகரில் நேட்டோ அமைப்பின் ஆதரவில் நடந்த மாநாட்டிலே, 11 நாடுகளிலிருந்து வந்த ஐம்பதுக்கும் மேற்பட்ட அறிஞர்கள், பெரிய மென்பொருள்கள் காலம் தவறியும் செலவு மிகுந்தும் பிழை மலிந்தும் வெளிவருகின்ற அவல நிலையைக் குறித்து வெளிப்படையாகப் பேசினார்கள். மென்பொருள் நெருக்கடி என்ற சொற்றொடர் பரவியது அதன் பிறகுதான். ஐபிஎம் நிறுவனத்தின் ஓஎஸ் 360 என்னும் இயக்க அமைப்பை ஆக்கும் பணிக்குத் தலைமை தாங்கிய பிரடரிக் புரூக்ஸ், அந்த அநுபவத்தை 1975இல் நூலாக எழுதியபோது, காலம் தவறிப்போன திட்டத்தில் மேலும் ஆட்களைச் சேர்த்தால் அது இன்னும் தாமதமாகும் என்று காட்டினார். நிர்வாகிகளின் பொதுப்புத்திக்கு முற்றிலும் மாறான இந்த உண்மை, குழுவுக்குள் ஒருவர் மற்றவருக்குச் சொல்லி விளக்க வேண்டிய பேச்சுத்தான் மென்பொருள் வேலையின் பெருஞ்செலவு என்பதை முதன்முதலாகப் பலருக்கு உணர்த்திற்று.

இவ்விரண்டு நிகழ்ச்சிகளுக்கும் இடைப்பட்ட 1970இல் வெளிவந்த கட்டுரை ஒன்றை நாம் சற்று நின்று, நெருங்கிப் பார்க்க வேண்டும். ஏனெனில் அருவி முறையின் மூலசாஸ்திரம் என்று பல பாடநூல்கள் சுட்டுவது இதனையே. விண்கல மென்பொருள்களில் பழுத்த அநுபவம் பெற்றிருந்த வின்ஸ்டன் ராய்ஸ் எழுதிய அக்கட்டுரையின் முற்பகுதியில், மேலிருந்து கீழாக ஏழு கட்டங்களும் அவற்றை இணைக்கும் அம்புக்குறிகளும் கொண்ட படம் ஒன்று இருக்கிறது. படத்தைக் கண்டவர் பலர். அதன் அடியில் எழுதியிருப்பதைப் படித்தவர் சிலரே போலும். அக்கருத்தில் தமக்கு நம்பிக்கை உண்டு என்று சொல்லும் ராய்ஸ், படத்தில் உள்ளவாறே நடத்தினால் அது ஆபத்தானது, தோல்வியை வரவழைப்பது என்று உடனே கூறிவிடுகிறார். அதற்கு அவர் காட்டும் காரணமும் நுட்பமானது: வேகம், நினைவகத்தின் கொள்ளளவு, உள்ளீடு வெளியீடு ஆகியவை எப்படி நடந்துகொள்கின்றன என்பது இறுதிக் கட்டமான சோதனையில்தான் முதல்முறையாக அநுபவத்துக்கு வருகிறது, அங்கே குறை தெரிந்தால் வடிவமைப்பையே மாற்ற வேண்டியிருக்கும், அதற்குள் காலமும் பணமும் தீர்ந்திருக்கும். ஆகவே எதையும் இருமுறை செய்யுங்கள் என்பது அவருடைய யோசனை. 30 மாதத் திட்டமானால் 10 மாதத்தில் ஒரு முன்மாதிரியை ஆக்கிப் பார்த்துவிட வேண்டும்; வேலை வாங்குவோரையும் தொடக்கம் முதலே உடன் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

ஆயினும் ராய்ஸை இன்றைய அஜைல் கூட்டத்தாரின் முன்னோடியாகக் காட்டிவிடுவதும் நியாயமாகாது. 50 லட்சம் டாலர் விலையுள்ள கருவி ஒன்றை வாங்குவதற்கு 30 பக்க விவரக்குறிப்பு போதுமென்றால், அதே விலையுள்ள மென்பொருளுக்கு 1,500 பக்கம் வேண்டும் என்று எழுதியவரும் அவரே. ஆவணத்தில் அவருக்கு இருந்த நம்பிக்கை அவ்வளவு பெரிது. அவருடைய இரண்டு யோசனைகளுள் பின்வந்த காலம் 1,500 பக்கங்களைப் பற்றிக்கொண்டு, இருமுறை செய்வதைக் கைவிட்டது என்பதே இங்கே கவனிக்கத் தக்கது. அப்படித் தேர்ந்தெடுத்தது யார்?

தேர்ந்தெடுத்தது, வேலையை விலைக்கு வாங்கிய அரசாங்கம். அமெரிக்கப் பாதுகாப்புத் துறை 1985இல் 2167 என்ற எண்ணுடைய தரவிதியை வெளியிட்டு, தனக்கு மென்பொருள் ஆக்கித் தருவோர் அதன்படி நடக்க வேண்டும் என்று ஏற்பாடு செய்தது. தேவைகளுக்கு ஒரு பரிசீலனை, பூர்வாங்க வடிவமைப்புக்கு ஒரு பரிசீலனை, இறுதி வடிவமைப்புக்கு ஒரு பரிசீலனை என்று வாயில்கள் வகுக்கப்பட்டு, ஒவ்வொரு வாயிலிலும் ஒப்படைக்க வேண்டிய ஆவணங்கள் வரையறுக்கப்பட்டன. கப்பலும் விமானமும் வாங்கிப் பழகிய ஒரு துறைக்கு இவ்வேற்பாடு இயல்பாகவே தோன்றியிருக்கும். பணம் கொடுப்பதற்கு ஆதாரமாக ஏதேனும் ஒன்று கையில் கிடைக்க வேண்டும். தகராறு வந்தால் யார்மீது குற்றம் என்று காட்டுவதற்குக் கையொப்பமிட்ட தாள் வேண்டும். நிரல் இன்னும் பிறவாத நிலையில் ஆவணம் ஒன்றுதான் அப்படிப்பட்ட பொருள். ஒப்பந்தத்துக்கு இருந்த இந்தத் தேவையே வேலைமுறையை வடித்தது என்பது என் துணிபு. அவ்விதியை வகுத்தவர்களுள் முதன்மையானவரே பிற்காலத்தில் அதைக் குறித்து வருத்தம் தெரிவித்ததாக லார்மன் எழுதியிருக்கிறார். அதே பாதுகாப்புத் துறை அமைத்து, புரூக்ஸ் தலைமையில் நடந்த 1987ஆம் ஆண்டு ஆய்வுக்குழுவும், மென்பொருளைத் தவணை தவணையாக வளர்க்க இடம் கொடுக்க வேண்டும் என்றே பரிந்துரைத்தது. அப்பரிந்துரை விதியாவதற்கு 1994 டிசம்பர் வரை காத்திருக்க நேர்ந்தது. அதற்குள் நேட்டோ நாடுகள் சிலவும் தனியார் நிறுவனங்கள் பலவும் பழைய விதியையே பின்பற்றத் தொடங்கியிருந்தன.

அதே அரசாங்கத்தின் கீழ், 2167 விதி பிறப்பதற்கு முன்னர், விண்வெளி ஓடத்தின் பறப்பு மென்பொருளை ஐபிஎம் நிறுவனத்தார் 1977 முதல் 1980 வரை 31 மாதங்களில் 17 தவணைகளாக ஆக்கி முடித்திருந்தனர் என்பதையும் இங்கே நினைவில் கொள்ள வேண்டும். ஓடம் கட்டி முடிவதற்குள் தேவைகள் மாறிக்கொண்டே இருந்ததால் அவர்களுக்கு வேறு வழி இருக்கவில்லை.

இனி ஜப்பானுக்குச் செல்வோம். 1986இல் ஹிரோடகா தகேயுச்சி, இகுஜிரோ நோனாகா என்னும் இரு பேராசிரியர்கள், ஹோண்டா, கேனான், பியூஜி ஜெராக்ஸ் முதலிய நிறுவனங்கள் புதிய பொருள்களை எவ்வாறு விரைவாக ஆக்குகின்றன என்பதை ஆராய்ந்து ‘ஹார்வர்டு பிசினஸ் ரிவ்யூ’ இதழில் ஒரு கட்டுரை எழுதினார்கள். கார், புகைப்படக் கருவி, நகலெடுக்கும் இயந்திரம் ஆகியவற்றைப் பற்றிய அக்கட்டுரைக்கு மென்பொருளோடு நேரான சம்பந்தம் இல்லை. மேலிடம் பரந்த இலட்சியம் ஒன்றை மட்டும் சொல்லிவிட்டு விலகிக்கொள்ள, பல துறையினரும் கலந்த சிறு குழு ஒன்று தன் வேலையைத் தானே வகுத்துக்கொண்டு, ரக்பி ஆட்டக்காரர்களைப் போலக் கூட்டமாக முன்னேறியதை அவர்கள் வருணித்திருந்தார்கள். ஈசல் என்ற நிறுவனத்தில் 1993இல் ஜெப் சதர்லண்டு அமைத்த குழு, அந்த ஆட்டத்திலிருந்தே ஸ்க்ரம் என்னும் பெயரை எடுத்துக்கொண்டது. குறித்த தவணைக்குள் ஓடக்கூடிய நிரலைக் காட்டுவது, நாள்தோறும் 15 நிமிஷம் கூடி, நேற்று என்ன செய்தோம், இன்று என்ன செய்யப்போகிறோம், எது தடையாக இருக்கிறது என்று பேசிக் கலைவது ஆகிய பழக்கங்கள் இக்குழுக்களில் உருவாயின. கென் ஷ்வேபர் 1995இல் ஒரு மாநாட்டுக் கட்டுரையில் இம்முறையைத் தொகுத்து வெளியிட்டார்.

இதே காலத்தில் டெட்ராய்ட் நகரப் பக்கத்தில் நிகழ்ந்த ஒரு சம்பவம் இவ்வாராய்ச்சிக்கு மிகவும் முக்கியமானது. கிரைஸ்லர் மோட்டார் நிறுவனம், ஏறக்குறைய 87,000 ஊழியர்களின் சம்பளக் கணக்கைப் பழைய கோபால் நிரல்களிலிருந்து விடுவித்து, ஸ்மால்டாக் மொழியில் எழுதிய ஒரே அமைப்பிற்குள் கொண்டுவர எண்ணி, சி3 என்ற திட்டத்தைத் தொடங்கியிருந்தது. அமைப்பின் வேகத்தைக் கூட்டித் தரும்படி 1996இல் அழைக்கப்பட்ட கென்ட் பெக், வேகத்தைப் பார்ப்பதற்கு முன் விடைகள் சரியா என்று கேட்டார். சரியில்லை என்று தெரிந்ததும், எழுதியதை ஒதுக்கிவிட்டு முதலிலிருந்து தொடங்குங்கள் என்று ஆலோசனை சொன்னார். புதிதாக அமைந்த குழுவில் ரான் ஜெப்ரீஸ் அன்றாடப் பயிற்சியாளராக இருந்தார்.

அக்குழு வேலை செய்த விதத்தைக் கவனிப்போம். சம்பளக் கணக்கை அறிந்த வாடிக்கையாளரின் பிரதிநிதி அதே கூடத்தில் உட்கார்ந்து, தமக்கு வேண்டியதைச் சிறு அட்டைகளில் அட்டைக்கு ஒன்றாக எழுதித் தந்தார். ஒவ்வோர் அட்டைக்கும் எவ்வளவு உழைப்புப் பிடிக்கும் என்பதைச் செய்யப்போகிறவர்களே மதிப்பிட்டார்கள். எதை முதலில் செய்வது என்பதை வாடிக்கையாளர் தீர்மானித்தார். ஒருவர் உரிமையில் மற்றவர் தலையிடக் கூடாது என்பது கண்டிப்பான ஏற்பாடு. நிரல் எழுதும்போது இருவர் ஒரே கணிப்பொறியின் முன் அமர்ந்தனர். ஒருவர் விசைப்பலகையில் எழுத, மற்றவர் பார்த்துக் கேள்வி கேட்பார், பிறகு இடம் மாறிக்கொள்வார்கள். எழுதிய பகுதியைப் பொதுக் கணிப்பொறியில் சேர்த்து, இதுவரை எழுதிய சோதனைகள் எல்லாம் தேறினால்தான் வேலை முடிந்ததாகக் கணக்கு. ஒரு சோதனை தவறினாலும் சேர்த்தவர்களே திருத்த வேண்டும். எந்தப் பகுதியை யார் வேண்டுமானாலும் மாற்றலாம். அளவுக்கு மீறி நேரங்கடந்து வேலை செய்வதை இம்முறை தவிர்க்கச் சொல்லிற்று. எக்ஸ்ட்ரீம் புரோகிராமிங் என்று பெக் 1999இல் வெளியிட்ட நூலில் பெயரிட்டு விளக்கிய முறை இக்கூடத்தில்தான் உருப்பெற்றது.

1997 மே மாதத்தில் அவ்வமைப்பு சுமார் 10,000 மாதச் சம்பளக்காரர்களுக்குக் கணக்குப் போடத் தொடங்கிற்று. ஆனால் எஞ்சியவர்களுக்கு அது விரிவடையவே இல்லை. கிரைஸ்லர் டெய்ம்லருடன் இணைந்த பிறகு, 2000 பிப்ரவரியில் திட்டம் நிறுத்தப்பட்டது. அதனால் இம்முறையே பயனற்றது என்று விமர்சகர்கள் எழுதினர். நிரல் நன்றாகவே இருந்தது, மேலிடம் மாறியதே காரணம் என்று ஆதரவாளர்கள் பதில் சொன்னார்கள். இரு தரப்பிலும் உண்மை உண்டு என்றாலும், தேவை என்ன என்று சொல்லும் பொறுப்பைக் கூடத்தில் உட்கார்ந்திருந்த ஒரு பிரதிநிதியிடமும், பணம் தரும் அதிகாரத்தைத் தொலைவில் இருந்த மற்றொரு பகுதியிடமும் விட்டு வைத்திருந்தது இத்திட்டத்தின் ஆழ்ந்த குறை என்று எனக்குத் தோன்றுகிறது. அறைக்குள் எவ்வளவு ஒற்றுமை நிலவினாலும், பணத்தின் சொந்தக்காரர் அறைக்கு வெளியே இருந்தால் அந்த ஒற்றுமைக்கு ஆயுள் குறைவு.

தொடக்கத்தில் குறிப்பிட்ட, யூட்டாவின் ஸ்னோபேர்டு மலைவிடுதியில் நடந்த கூட்டத்தை இனிச் சுருக்கமாகச் சொல்லலாம். எக்ஸ்ட்ரீம் புரோகிராமிங், ஸ்க்ரம், பிரிட்டனில் தோன்றிய டிஎஸ்டிஎம், அலிஸ்டர் காக்பர்னின் கிரிஸ்டல், சிங்கப்பூரில் ஒரு வங்கிக்காக 1997இல் நடந்த திட்டத்தில் ஜெப் டி லூகா வகுத்த எப்டிடி முதலிய முறைகளில் ஈடுபட்டிருந்த 17 பேர், 2001 பிப்ரவரி 11 முதல் 13 வரை கூடி, தங்களுக்குப் பொதுவானவை இன்னவை என்று உடன்பட்டார்கள். மனிதரும் அவர்கள் உறவாடலும் நடைமுறைகளினும் கருவிகளினும் மேலானவை என்றும், ஓடும் மென்பொருள் விரிந்த ஆவணத்தினும் மேலானது என்றும், மாறுதலுக்கு இணங்குவது திட்டத்தைப் பற்றிக்கொண்டிருப்பதினும் மேலானது என்றும் அவர்கள் சொன்னவை எல்லோருக்கும் தெரியும். வாடிக்கையாளரோடு கூடி உழைப்பதை ஒப்பந்தப் பேச்சுவார்த்தைக்கு மேலாக வைத்த கருத்தை மட்டும், மற்ற மூன்றைப் போல், குழுவே முயன்று நிறைவேற்றிவிட முடியாது. அதற்கு எதிர்த்தரப்பின் சம்மதமும் வேண்டும். பின்வந்த கால் நூற்றாண்டின் சிக்கல்களெல்லாம் இந்த இடத்திலேயே முடிச்சிட்டுக் கிடக்கின்றன.

நம் நாட்டு அநுபவம் அந்த முடிச்சைத் தெளிவாகக் காட்டுகிறது. 1990களில் வெளிநாட்டு வேலையை நாடிய இந்திய நிறுவனங்கள், தங்கள் தகுதியை நிரூபிக்க, கார்னிகி மெலன் பல்கலைக்கழகத்தின் ஆய்வகம் வகுத்த சிஎம்எம் என்னும் ஐந்து படித் தரச்சான்றைப் பெறுவதில் பெருமுயற்சி எடுத்தன. அதன் ஐந்தாம் படியை எட்டிய நிறுவனங்களில் பெரும்பகுதி ஒரு காலத்தில் இந்தியாவிலேயே இருந்தன. பத்தாயிரம் மைல் தொலைவில் இருக்கும் கிளையண்ட் நம்புவதற்குச் சான்றிதழும் ஆவணமுமே வழி என்று எண்ணியதை நாம் குறைகூற முடியாது. தாட்வொர்க்ஸ் நிறுவனம் 2001 வாக்கில் பெங்களூரில் தொடங்கிய கிளையில் இதற்கு மாறான முயற்சி நடந்தது. அந்த அநுபவத்தை எழுதிய மார்ட்டின் பவுலர், இரு கரையிலிருந்தும் ஆட்கள் மாறி மாறிச் சென்று சில மாதம் தங்கி வேலை செய்வதையும், எழுதிய நிரலை அன்றன்றே ஒன்றுசேர்த்துச் சோதிப்பதையும் வற்புறுத்தினார். மைக்ரோசாப்டின் உள்துறை மென்பொருள்களைப் பராமரித்த ஹைதராபாத் குழு ஒன்றோ, 2004-05இல், டேவிட் ஆண்டர்சனின் வழிகாட்டலில், வேலைக்கு முன்னே போட்டுத் தரும் மதிப்பீடுகளை நிறுத்தி, ஒரே சமயத்தில் கையில் எடுக்கும் வேலையின் அளவுக்கு வரம்பு கட்டிற்று. மதிப்பீடு போடுவதிலேயே கணிசமான உழைப்பு கரைந்துகொண்டிருந்த நிலை மாறி, மாதக்கணக்கில் தேங்கிய கோரிக்கைகள் விரைந்து முடியலாயின. இவ்வாறு வரம்பு கட்டும் கன்பன் முறை மென்பொருள் உலகில் பரவுவதற்கு முதல் உதாரணமாகக் காட்டப்படுவது இக்குழுவே. ஆளை மாற்றவில்லை, ஆளைக் கூட்டித் தொடங்கவும் இல்லை. வேலை கொடுப்போரும் செய்வோரும் எதன் பேரில் உடன்படுகிறார்கள் என்பதே மாறிற்று.

சென்னைப் பழைய மாமல்லபுரம் சாலையிலும் கோவையிலும் இன்று வேலை பார்க்கும் இளைஞர்களுக்கு அஜைல் என்றால் முதலில் நினைவுக்கு வருவது ஸ்டாண்ட்-அப் எனப்படும் அந்த அன்றாடக் கூட்டந்தான். சான்பிரான்சிஸ்கோவில் காலை 9 மணி என்றால் இங்கே இரவு 9.30 அல்லது 10.30. பிள்ளைக்குச் சோறூட்டிக்கொண்டோ, வீட்டார் உறங்கும் அறையை விட்டு மாடிப்படிக்கு வந்தோ, மூன்று கேள்விக்கும் பதில் சொல்லும் ஊழியரிடம் அந்தத் தவணையில் எவ்வளவு செய்வது என்று முடிவு செய்யும் உரிமை இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பிக்ஸட் பிரைஸ் ஒப்பந்தமாக இருந்து, செய்ய வேண்டியவையும் முடிக்க வேண்டிய தேதியும் கையெழுத்தான பின் வேலை தொடங்கியிருந்தால், அந்த உரிமை அவருக்கு ஒருநாளும் இருந்ததில்லை. தவணைக்கு ஸ்பிரிண்ட் என்று பெயர் வைத்தாலும் அங்கே நடப்பது பழைய அருவி முறையே. கிரைஸ்லர் கூடத்தில் உழைப்பவனின் பாதுகாப்புக்காக ஏற்பட்ட மதிப்பீடு, இத்தகைய இடங்களில் அவனைக் கண்காணிக்கும் கருவியாகிவிடுவதைக் காணும்போது மனம் நோகிறது.

ஒப்பந்தம் மாறும்போது என்ன நிகழும் என்பதற்கு அமெரிக்கப் புலனாய்வுத் துறையான எப்பிஐயின் சென்டினல் திட்டம் ஒரு சான்று. வழக்குக் கோப்புகளைக் கணினிமயமாக்கும் முதல் முயற்சி ஏறத்தாழ 17 கோடி டாலர் செலவுக்குப் பின் 2005இல் கைவிடப்பட்டது. 2006இல் சென்டினல் என்ற பெயரில் இரண்டாம் முயற்சி லாக்ஹீட் மார்ட்டின் நிறுவனத்திடம் ஒப்படைக்கப்பட்டது. 2010இல் தணிக்கை செய்த அதிகாரிகள், 45.1 கோடி டாலர் ஒதுக்கீட்டில் 40.5 கோடி தீர்ந்திருக்க, நான்கு கட்டங்களில் இரண்டே பயனுக்கு வந்திருப்பதைக் கண்டார்கள். அவ்வாண்டே துறை பொறுப்பைத் தன் கைக்கு எடுத்துக்கொண்டு, குழுவைப் பெரிதும் சுருக்கி, இருவாரத் தவணைகளில் ஸ்க்ரம் முறைப்படி நடத்தலாயிற்று. குறித்த தேதிகள் அப்போதும் தள்ளிப்போயின என்பதைத் தணிக்கையாளர் மறைக்கவில்லை; எனினும் 2012 ஜூலையில் அவ்வமைப்பு துறை முழுவதும் பயனுக்கு வந்தது. இவ்வெற்றியை ஸ்க்ரம் முறையின் வெற்றி என்று மட்டும் எழுதுவோருடன் நான் உடன்பட மாட்டேன். தேவையை மாற்றும் அதிகாரமும் பணமும் ஒரே கையில் சேர்ந்த பிறகே இருவாரத் தவணைக்கு அர்த்தம் உண்டாயிற்று.

இதற்கிடையே அஜைல் முறையே விற்பனைப் பொருளாயிற்று. இரண்டு நாள் வகுப்பில் ஸ்க்ரம் மாஸ்டர் சான்றிதழ் வழங்கும் வழக்கம் 2000களின் தொடக்கத்திலேயே பிறந்தது. பெரிய நிறுவனங்களுக்கென்று பல அடுக்குகள் கொண்ட சேப் என்னும் சட்டகம் 2011இல் வெளிவந்தது. பிரகடனத்தில் கையொப்பமிட்டவர்களே இவற்றைக் கண்டு மனம் வருந்தினர். டேவ் தாமஸ் 2014இல் அப்பெயரையே விட்டுவிடலாம் என்று எழுதினார். ரான் ஜெப்ரீஸ் 2018இல், மேலிருந்து திணிக்கப்படும் அஜைலை நிரலாளர்கள் கைவிட்டு, நல்ல நிரலை அடிக்கடி ஒப்படைக்கும் பழக்கத்தை மட்டும் காத்துக்கொள்ள வேண்டும் என்றார்.

அவர்களுடைய வருத்தம் நியாயமானதே. ஆயினும் பரிகாரத்தை அவர்கள் குழுவுக்குள்ளேயே தேடினார்கள் என்று சொல்லத் தோன்றுகிறது. மறுபுறத்தில், வேலை வாங்குவோரின் விதிகளில் அமைதியாக நிகழ்ந்த மாறுதல்களை முறையியலார் அதிகம் பேசுவதில்லை. அமெரிக்க அரசாங்கம் 2014இல் வெளியிட்ட டெக்பார் கைந்நூல், நடப்பிலுள்ள கொள்முதல் விதிகளின் கீழேயே தவணை முறையில் மென்பொருள் வாங்கலாம் என்று கொள்முதல் அதிகாரிகளுக்கு விளக்கிற்று. 2020 அக்டோபரில் பாதுகாப்புத் துறை மென்பொருளுக்கென்றே தனிக் கொள்முதல் வழியொன்றை வகுத்து, பணம் ஒதுக்கிய ஓராண்டுக்குள் பயன்படத்தக்க ஒரு பகுதியைச் செயலில் காட்ட வேண்டும் என்றும், அதன்பின் குறைந்தது ஆண்டுக்கொரு முறையேனும் புதிய பகுதி ஒப்படைக்கப்பட வேண்டும் என்றும், பயன்படுத்துவோர் ஆக்குவோருடன் தொடர்ந்து ஈடுபட வேண்டும் என்றும் விதித்தது. நம் அரசுத் துறைகளின் டெண்டர்களிலும், நம் நிறுவனங்கள் கையெழுத்திடும் வெளிநாட்டு ஒப்பந்தங்களிலும் இத்தகைய ஷரத்துகள் எந்த அளவுக்கு இடம்பெறுகின்றன என்பதை ஒப்பந்தங்களையே எடுத்துவைத்துக்கொண்டு ஆராய்வது அடுத்துச் செய்ய வேண்டிய பணியாகும்.